ஒரே மாதிரியும் ஒரே இணையும்



என் தந்தையார் கிள்ளானில், பழைய டீசல் எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் பட்டறையொன்றில் பணிபுரிந்தார். 1992ஆம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு முடிந்த விடுமுறையில் நானும் அவருடன் சென்றேன். அன்று, எண்ணெய்ப்பனைத் தோட்டத்து டிராக்டரின் பெர்கின்ஸ் 4.236 எஞ்சின் பிரிந்து கிடந்தது. நான்கு சிலிண்டர்கள், 236 கன அங்குலக் கொள்ளளவு என்பதே அப்பெயரின் பொருள்.

உதவும் ஆர்வத்தில், நான்கு கனெக்டிங் ராடுகளையும் அவற்றின் அடிமூடிகளையும் கழற்றிக் கழுவி, ராடுகள் ஒரு வரிசை, மூடிகள் ஒரு வரிசை என அழகாக அடுக்கினேன். தந்தையாரின் முகம் மாறியது.

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, அப்பா?"

"மாதிரி ஒண்ணுதான், தம்பி. ஜோடி வேற."

பிறகு விளக்கினார். ராடையும் மூடியையும் சேர்த்து இறுக்கிய பின்னரே தொழிற்சாலையில் துளையைக் கடைந்து முடிக்கிறார்கள். அந்த இணை சேர்ந்தால்தான் அது முழு வட்டம். மூடி மாறினால் கண்ணுக்குத் தெரியாத அளவில் வட்டம் கோணும். பேரிங் சூடேறி இறுகும். ராடு முறிந்து எஞ்சினின் உடலையே துளைக்கவும் கூடும். எனவேதான் இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறிக்கிறார்கள்.

இரு மூடிகளில் எண் தேய்ந்திருந்தது. அவற்றை மாற்றி மாற்றி இறுக்கி, துளையைப் பல திசைகளில் அளந்து, உரிய இணையைக் கண்டறிய அவருக்கு மாலை வரை ஆயிற்று. கிராங்க் ஷாப்ட்டை அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு கடைந்து குறைத்திருந்ததால், புதிய பேரிங்குகளின் முதுகிலும் ‘010’ இருக்கிறதா என ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். என்னை அவர் திட்டவேயில்லை.

வகுப்பறை மேலாண்மையைப் பயிற்சிக் கழகத்தில் முறையாகக் கற்றவன் நான். ஆயினும் பிரிக்பீல்ட்ஸில் கற்பித்தபோது அதே தவற்றை மீண்டும் செய்தேன். புள்ளிகளைப் பார்த்து மாணவர்களின் இருக்கைகளை வரிசையாக மாற்றினேன். திக்கித் திக்கி வாசித்த சிறுவன் ஒருவன் வாசிப்பதையே நிறுத்திவிட்டான். இரு வாரங்களுக்குப் பின் அவன் தாயார் வந்தார்.

"சார், பக்கத்துல இருந்த பையன்தான் இவனுக்கு மெதுவா சொல்லிக் கொடுப்பான்."

மறுநாளே இருவரையும் பழைய இடத்தில் அமர்த்தினேன். அந்த வாரமே அவன் குரல் திரும்பியது.

பிள்ளைகள்மீது எவரும் எண் பொறித்து அனுப்புவதில்லை. நாம்தான் பொறுமையாக அளந்தறிய வேண்டும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வகுப்பில் யார் அருகே அமர்கிறான் என்று இன்று கேட்டுப் பாருங்கள். அதை ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.