பார்த்தெழுதும் கிருமி

ஒன்றைப் பார்த்து அப்படியே எழுதுவது எளிய செயலன்று என்பதைத் தொடக்கநிலை ஆசிரியர் எவரும் அறிவர். கண் ஒரு வரியிலும் கை மற்றொரு வரியிலும் போய்விடும். ஆகவேதான் மூலப் பத்தியின்மீது இடக்கை விரலை வைத்துக்கொண்டு எழுதுமாறு பிள்ளைகளைப் பழக்குகிறோம். சின்னம்மைக் கிருமிக்கும் அப்படியொரு விரல் உண்டு!

இதைப் படிக்க நேர்ந்தது ஒரு குடும்பத்தின் பொருட்டு. கேலாங்கில் வசிக்கும் என் மாணவன் ஒருவன் சின்னம்மை கண்டு விடுப்பிலிருந்தான். அவன் தேறிப் பள்ளிக்குத் திரும்பிய சில நாள்களில் அவன் தந்தைக்கும் முத்துகள் தோன்றின. நலம் கேட்கத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் டீச்சர். இப்போது மருந்து கொடுக்கலாமா?" என்று தயங்கினார் அவன் தாயார்.

பெரியவர்களுக்கு வரும் சின்னம்மை சிறுவர்க்கு வருவதைப் போன்றதன்று, நுரையீரல்வரை பாதிக்கக்கூடும். எனவே நான் படித்திருந்ததை அவருக்கு எளிமையாகச் சொன்னேன்.

இக்கிருமியின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 1,25,000 எழுத்திணைகள் உள்ளன. நம் உயிரணுவுக்குள் புகுந்து, பாலிமரேஸ் என்னும் தன் நொதியைக் கொண்டு அவற்றைப் படியெடுக்கிறது. அந்நொதி தனித்திருந்தால் சிறிது எழுதியதுமே இழையைவிட்டு நழுவிவிடும். துணைப் புரதம் ஒன்று இழையைப் பற்றிக்கொண்டு அதனை நழுவாமல் காக்கிறது. விரல் என்றேனே, அது இதுதான். வேறு சில புரதங்கள் முறுக்கிய இரட்டை இழையைப் பிரித்துக் கொடுக்கின்றன. தவறாக எழுதியதை அழிக்கும் திறனும் பாலிமரேஸுக்கு உண்டு.

அசைக்ளோவிர் என்னும் மருந்து, 'ஜி' எழுத்தின் போலி. அடுத்த எழுத்தைக் கோக்கும் கொக்கி அதில் இல்லை. கிருமி அதனை எடுத்து எழுதிவிட்டால் வரி அங்கேயே நின்றுவிடும். அழிக்கவும் இயலாமல் நொதி சிக்கிக்கொள்ளும். இப்போலியைத் தூண்டிவிடும் முதல் வேலையைச் செய்வது கிருமியின் சொந்த நொதியே. ஆதலால் கிருமி புகாத உயிரணுக்களுக்குப் பெரிதும் தீங்கில்லை. இவ்வித்தையை விளக்கிய குழுவின் தலைவர் கெர்ட்ரூட் எலியன், 1988ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இளமையில் அவரும் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

"கிருமி எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் இம்மருந்து பயன்படும் அம்மா. எழுதி முடித்தபின் கொடுத்துப் பயனில்லை. முத்து தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. வேப்பிலையை எடுக்க வேண்டாம், அதோடு மருத்துவரையும் பாருங்கள்," என்றேன்.

அன்று மாலையே மருந்தகத்திற்குச் சென்றனர். தந்தை நலமடைந்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை மாத்திரை அட்டை வேப்பிலைக் கொத்தின் அருகிலேயே இருந்ததாக மாணவன் சொன்னான்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். சின்னம்மைத் தடுப்பூசி 2020 நவம்பரில்தான் சிங்கப்பூரின் தேசியக் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளும் ஊசி போட்டுக்கொண்டார்களா என ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அம்மை கண்டவுடன் மருத்துவரிடம் தெரிவியுங்கள். நலமான பின்னும் கிருமி நரம்புகளில் உறங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக எழக்கூடும்.