தோளில் விழும் உதை

மட்டக்களப்பு மாவட்டத்தின் வயற்புறங்களிலே துவக்கு வெடிக்கும் என்று சொல்வதோடு மக்கள் நிறுத்திக்கொள்வதில்லை. துவக்கு உதைக்கும் என்றும் சொல்வார்கள். எருமை உதைப்பதற்கும் துவக்கு உதைப்பதற்கும் சொல் ஒன்றே. துவக்கைத் திரைப்படத்தில் மாத்திரம் கண்டவருக்கு இச்சொல் விளங்காது. திரையிலே கதாநாயகன் ஒற்றைக் கையால் கைத்துப்பாக்கியை நீட்டிச் சுடுகிறான். அவனுடைய மணிக்கட்டு அசைவதில்லை, கண் இமைப்பதில்லை, தலைமயிர்கூடக் கலைவதில்லை. வாகனேரியிலோ புணாணையிலோ வயற்காவல் இருந்த எவரையாவது அழைத்து அக்காட்சியைக் காட்டினால், அவர் சிரிப்பார். சிரித்தபடியே வலது தோளைத் தடவிக்கொள்வார்.

வாழைச்சேனைப் பகுதியிலே விஞ்ஞான ஆசிரியனாக நெடுங்காலம் கடமையாற்றியவன் நான். உந்தக் காப்பு விதியைக் கற்பிக்கும் நாள் வந்துவிட்டால் பாடநூல்கள் எல்லாம் ஒரே உதாரணத்தைத்தான் தூக்கிக்கொண்டு வரும்: துவக்கும் சன்னமும். ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்று 1687இல் நியூற்றன் எழுதிவைத்ததைப் போடிமாரின் பிள்ளைகளுக்கும் கூலிக்காரரின் பிள்ளைகளுக்கும் விளக்குவது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. பன்னிரண்டாம் இலக்கச் சொட்கன் தோட்டா ஒன்றில் ஏறக்குறைய 32 கிராம் ஈயம் இருக்கிறது. அது செக்கனுக்கு 400 மீற்றர் வேகத்தில் குழலை விட்டுப் போகிறது. துவக்கின் பாரம் 3 கிலோகிராம். பெருக்கி வகுத்துப் பார்த்தால், துவக்கு செக்கனுக்கு 4 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் பின்னோக்கி வருகிறது. வெளியேறும் வாயுவின் உந்தத்தையும் கூட்டினால் இன்னும் சிறிது கூடும். வாயுவை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அதன் சக்தி 27 யூல் அளவாகும். இந்தச் சக்தி எங்கே போகிறது என்று கேட்பேன். ‘தோளுக்குள்ள சேர்’ என்று பின்வாங்கிலிருந்து விடை வரும்.

துவக்கின் உதையைப் பற்றிச் சிலர் கவித்துவமாகப் பேசுவதுண்டு. கொல்பவனுக்கு இயற்கை கொடுக்கும் எச்சரிக்கை அது என்பார்கள். இஃது அழகான கற்பனை; ஆனால் வெறுங் கற்பனை. இயற்கைக்கு நீதியும் தெரியாது, அநீதியும் தெரியாது. மானைச் சுட்டாலும், யானையை விரட்ட ஆகாயத்தை நோக்கிச் சுட்டாலும், மனிதனைச் சுட்டாலும் உதை ஒன்றே. ஆயின், உதை யாருடைய தோளில் விழுகிறது என்பதும், அதை யார் எவ்வாறு குறைத்தார் என்பதும், குறைத்ததனால் யார் கையில் துவக்கு போய்ச் சேர்ந்தது என்பதும் இயற்கையின் பாற்பட்டவை அல்ல. அவை மனித வரலாற்றின் பாற்பட்டவை.

எங்கள் வட்டைகளையே எடுத்துக்கொள்வோம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டத்தின்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். பத்திரம் பெரும்பாலும் போடியாரின் பெயரில் இருக்கும். நிலமும் வரவேற்பறைச் சுவரில் தொங்கும் துவக்கும் அவருடையவை. பயிர் பால் பிடிக்கும் காலத்தில் பன்றிக்கும் யானைக்கும் காவலாகப் பரணில் இரவெல்லாம் விழித்திருப்பவனோ முல்லைக்காரன் அல்லது அவனது கையாள். பத்திரம் ஓரிடத்திலும் தோள் வேறோரிடத்திலுமாக இருந்த காலம் நெடுங்காலம். சாக்கை நாலாக மடித்துத் தோளுக்கும் சோங்குக்கும் நடுவே வைத்துக்கொள்வதே காவற்காரன் கண்டுபிடித்த சுகம். இப்போது துவக்கு விற்போர் அதே வேலைக்கு றப்பர் மெத்தை பொருத்தி, அதற்குத் தனி விலையும் வாங்குகிறார்கள்.

அனுமதிப்பத்திரம் கனவிலும் கிட்டாதவனுக்கு இடியன் துவக்கு. ஊர்க் கொல்லன் செய்த குழல், கையால் இடித்த மருந்து, அளவு கண்ணால். அது உதைப்பது மாத்திரமன்று. சில வேளை குழலே பிளந்து விரலையும் கொண்டுபோகும். காட்டுப் பாதையில் கயிற்றோடு கட்டி வைக்கும் கட்டுத்துவக்குக்கோ தோளே தேவையில்லை. சுடுபவன் வீட்டில் உறங்குவான். உதையை மரம் வாங்கிக்கொள்ளும். சன்னத்தைப் பெரும்பாலும் விறகு பொறுக்கப் போனவனின் முழங்கால் வாங்கிக்கொள்ளும்.

வெள்ளைக்கார வேட்டைக்காரரின் கதை வேறு. 1840-களிலும் 50-களிலும் இலங்கைக் காடுகளில் யானை சுட்ட சாமுவேல் பேக்கர், தமக்கென்று 21 இறாத்தல் பாரமுள்ள துவக்கொன்றைப் பிறிஸ்ரல் நகரில் செய்வித்தார். பாரம் கூடினால் உதை குறையும் என்ற விதியை அவர் நன்றாக அறிந்திருந்தார். பிற்காலத்தில் ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோன அதனினும் பெரிய துவக்கொன்று தம்மைக் காற்றுத் திசைகாட்டியைப்போலச் சுழற்றிவிட்டது என்று வேடிக்கையாக எழுதியும் வைத்தார். அந்தப் பாரத்தைக் காடு முழுவதும் சுமந்தவர்கள் இந்நாட்டுக் கூலிகள். துரையின் தோளுக்குக் குறைந்த உதை கூலியின் தோளில் சுமையாக ஏறியது. இதுவும் ஒருவகை உந்தக் காப்புத்தான். மேஜர் றோஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்பர். அவர் 1845இல் மின்னல் தாக்கி இறந்தது எல்லோருக்கும் தெரியும். அவருடைய துவக்குகளுக்கு மருந்திட்டுக் கொடுத்தவர் எவரென்று ஒருவருக்கும் தெரியாது. எமது அயலூரான புணாணையில் மனிதரைக் கொன்று திரிந்த சிறுத்தையை 1924இல் ஷெல்ரன் அகர் என்ற துரை சுட்டார். பாடம் செய்த சிறுத்தை கொழும்பு நூதனசாலைக்குப் போயிற்று. அதற்கு இரையான ஏழை மனிதர் எவருடைய பெயரும் எங்கள் ஊரில்கூட நிலைக்கவில்லை.

உதையைப் பொறுத்துக்கொள்வதும் பாரத்தால் குறைப்பதும் பழைய வழிகள். உதையையே வேலை வாங்குவது புதிய வழி. அமெரிக்கரான ஹைரம் மக்சிம் இளமையில் படைத் துவக்கொன்றைச் சுட்டுப் பார்த்துத் தோள் கன்றிப்போனவர். வீணாகும் இச்சக்தியால் அடுத்த தோட்டாவை ஏற்றினால் என்ன என்று அவர் எண்ணினார். 1884இல் இலண்டனில் அவர் செய்து காட்டிய இயந்திரத் துவக்கு நிமிடத்துக்கு 600 தடவை சுட்டது. அதன் பயன் என்ன? 1893இல் தென்னாபிரிக்காவுக்கு வடக்கே மற்றபெலே மக்களின்மீது அது திருப்பப்பட்டது. 1898 செப்ரெம்பர் 2ஆந் திகதி சூடானின் ஒம்துர்மானில் ஒரே காலைப் பொழுதில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சூடானியர் மாண்டார்கள். பிரித்தானிய-எகிப்தியப் படையில் மாண்டோர் ஐம்பதுக்குக் குறைவு. இயந்திரத் துவக்கோடு பீரங்கியும் சேர்ந்து செய்த வேலை அது. ஒரு மனிதனின் தோள்வலி பேரரசுகளின் வசதியாக மாறியது.

கைத்துப்பாக்கிக்குத் தோள் இல்லை. உதை முழுவதும் மணிக்கட்டில் விழுகிறது. குழல் கைப்பிடிக்கு மேலே இருப்பதால், பின்னோக்கிய விசை துப்பாக்கியின் வாயை மேலே தூக்கும். புதிதாகச் சுடுபவன் அடுத்த தடவை உதைக்கு முன்பே கண்ணை மூடி, கையை இறுக்கித் தாழ்த்துவான். சன்னம் நிலத்தில் போய்க் குத்தும். உதையைவிட ஓசைக்கு அஞ்சியே பலர் இவ்வாறு செய்கிறார்கள் என்பது அனுபவசாலிகளின் கூற்று. இலேசான துப்பாக்கி பையில் சுகம், கையில் துன்பம்; பாரமானது இதற்கு எதிர். அமெரிக்கர் பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பிடித்துக்கொண்டு மோரோ மக்களோடு போரிட்டபோது, தமது .38 றிவோல்வரின் சன்னம் பாய்ந்து வரும் மனிதனை நிறுத்தவில்லை என்று முறையிட்டார்கள். 1904இல் சிக்காகோ இறைச்சித் தொழுவங்களில் உயிருள்ள மாடுகளைச் சுட்டுப் பரிசோதித்தார்கள். முடிவில் பிறந்ததே பிறவுணிங் வகுத்த 1911ஆம் ஆண்டின் .45 பிஸ்ரல். ஏறக்குறைய 15 கிராம் சன்னமும் 1.1 கிலோகிராம் பாரமும் கொண்ட அது கடுமையாக உதைக்கும் என்று இன்றைக்கும் அதன் இரசிகர் அலுத்துக்கொள்கிறார்கள். தன் மண்ணைக் காக்க வெறுங் கத்தியோடு பாய்ந்தவனை நிறுத்துவதற்காக அந்த உதை கூட்டப்பட்டது என்பது அவர்களுடைய பேச்சில் அரிதாகவே வரும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் காற்று மறுபக்கம் திரும்பியது. சிறிய சன்னம், குறைந்த உதை, கூடிய வேகம். கலாஷ்னிக்கோவ் துவக்கின் சன்னம் 8 கிராம், வேகம் செக்கனுக்கு 715 மீற்றர், துவக்கு 4 கிலோகிராம் அளவு. மேற்சொன்ன அதே முறையிற் கணக்கிட்டால் அதன் உதை 4 யூல். சொட்கனின் உதையில் ஏழில் ஒரு பங்கு. 1960-களில் வந்த எம்-16 துவக்கின் உதை அதிலும் பாதி. படைவீரனின் சுகத்துக்காகவும் குறி தவறாமைக்காகவும் செய்யப்பட்டவை இவை. பொறியியலாளர் எவரும் பிள்ளைகளை மனதிற் கொண்டு செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் முடிவு அங்கேதான் போய் நின்றது. 1996இல் கிராசா மஷேல் அம்மையார் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த அறிக்கை இதனை எடுத்துரைத்தது: பத்து வயதுப் பிள்ளை கழற்றிப் பூட்டக்கூடிய அளவுக்குப் படைக்கலங்கள் இலேசாகிவிட்டன. சொட்கனின் உதை பன்னிரண்டு வயதுத் தோளைப் பரணிலிருந்து ஓரளவு விலக்கி வைத்திருந்தது. அந்த வேலி நீக்கப்பட்டது.

நீக்கப்பட்டதன் விளைவை எங்கள் வகுப்பறைகள் கண்டன. இடாப்பை வாசிக்கும்போது சில பெயர்களுக்கு விடை வராத காலைகள் இருந்தன. கேட்டால் மற்றப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். தாய்மார் பாடசாலை வாசலில் வந்து நிற்பார்கள். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்காக அல்ல, இன்றைக்கு வந்து சேர்ந்துவிட்டானா என்று பார்ப்பதற்காக. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்த பின்னரும் இது ஓயவில்லை. 2004இல் கிழக்கில் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. ஏப்ரல் 9, பெரிய வெள்ளியன்று வெருகல் ஆற்றங்கரையில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளையே சுட நேர்ந்தது. அதன் பின் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வாகரைப் பக்கமிருந்து வீடுகளுக்குத் திரும்பினார்கள். ஆயுதப் போரில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரை ஈடுபடுத்தலாகாது என்ற ஐ.நா. நெறிமுறையைப் பொதுச்சபை ஏற்றது 2000 மே மாதம். சட்டம் வயதை அளந்தது. துவக்கைச் செய்து விற்பவர் அதன் பாரத்தையும் உதையையும் முன்னரே அளந்து முடித்திருந்தனர். இந்த இரண்டு அளவுகோல்களும் ஒரே மேசையில் வைக்கப்பட்டதாக எனக்குத் தெரிந்த வரலாறு இல்லை. வயதை மீறியவரைத் தேடிப் பிடிப்பதற்கு உலகம் எடுத்த சிரமத்தில் பாதியையாவது, அந்த ஆயுதங்கள் எந்தத் தொழிற்சாலையில் பிறந்து எந்தக் கப்பலில் ஏறின என்று தேடுவதற்கு எடுத்திருக்கலாம்.

அவ்வாண்டின் பிற்பகுதியில், பத்தாம் வகுப்பிலே உந்தக் காப்பு வந்தது. திரும்பி வந்த மாணவி ஒருத்தி கடைசி வாங்கில் இருந்தாள். மற்றவர்களைவிட இரண்டு வயது மூத்தவள். பாடநூலின்படி துவக்கின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, சுடுபவரின் தோளில் பலமான உதை விழும் என்றேன். வகுப்பில் வழக்கமான சிரிப்பு எழவில்லை. ‘அது அவ்வளவுக்கு உதைக்காது சேர்’ என்றாள் அவள். குரலில் பெருமையும் இல்லை, துயரமும் இல்லை. விடையைத் திருத்தும் ஒரு மாணவியின் குரல் அது.

படத்தை அழித்துவிட்டுத் தோணி ஒன்றை வரைந்தேன். வாழைச்சேனை வாவியில் நிற்கும் தோணியிலிருந்து ஒருவர் கரைக்குப் பாய்கிறார். தோணி பின்னுக்குப் போகிறது. பாய்பவர் 40 கிலோகிராம், தோணி 160 கிலோகிராம், பாயும் வேகம் செக்கனுக்கு 2 மீற்றர். தோணியின் வேகம் என்ன? பெரும்பாலானோர் விரைவிலேயே அரை மீற்றர் என்று கண்டுபிடித்தார்கள். அவள் மாத்திரம் பேனாவைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தந்தை மீன்பிடிப்பவர்.

‘தோணிக்குள்ள வலையும் கிடந்தா பாரம் கூடும்தானே சேர், அதையும் சேர்த்தா பார்க்கிற?’ என்று கேட்டாள்.

வலைக்கு 40 கிலோகிராம் என்று வைத்து, அதையும் சேர்த்தே பார்த்தோம்.