பள்ளிக்கூட அடுப்பை முதலில் மூட்டியவர் யார்?

மேடவாக்கம் கூட்ரோட்டுப் பக்கம் எங்கள் அடுக்ககம். அங்கே நாலைந்து வீடுகளில் வேலை செய்யும் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறான். சின்னவள் அங்கன்வாடிக்குப் போகிறாள். விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு, பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்களோ என்ற கவலை பாதி குறைந்திருக்கிறது. பையனுக்குப் பள்ளியிலேயே காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஏதாவது ஒன்று; மதியம் முட்டையோடு சோறு. சின்னவளுக்கு மதியச் சாப்பாடு அங்கன்வாடியில். ராத்திரிக்கு ரேஷன் அரிசி. மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை.

இதையெல்லாம் தொடங்கி வைத்தது யார் என்று ஒருநாள் மாலை எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வாக்குவாதம் வந்தது. ஒருவர் எம்.ஜி.ஆர். என்றார், இன்னொருவர் காமராசர் என்றார், மூன்றாமவர் நீதிக்கட்சி என்றார். நாலாவது ஆள், “யார் ஆரம்பிச்சா என்ன சார், எல்லாம் நம்ம வரிப்பணம்” என்று பேச்சை முடித்து வைத்தார். மூன்று பேரில் யார் சொன்னது சரி என்று தேடத் தொடங்கிய எனக்கு, நாலாவது ஆள் சொன்னதுதான் வழி முழுக்கக் கூட வந்தது.

அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கிப் போனேன். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் நடந்த விழாவோடு மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அந்தப் பையன் படிக்கும் பள்ளியும் அதில் அடக்கம். மேம்பாலமும் அடுக்கு மாடிகளும் வந்த பிறகும் மேடவாக்கம் இன்னும் கிராம ஊராட்சிதான். அதனால் இங்கே இருப்பது ஊராட்சி ஒன்றியப் பள்ளி.

அதற்கு முந்தைய படிக்கு எனக்கு வழி காட்டியவர், பக்கத்து ஊரில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்றபோது கிடைத்த வேலை அது. 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம், முதலில் கிராமங்களில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளுக்காக வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் பதினைந்து வயது வரைக்கும் நீண்டது. அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தினமும் உலை வைப்பது என்பது அன்றைக்குப் பலருக்கும் நடக்காத காரியமாகப் பட்டது. மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. ஒரு தட்டுச் சோற்றுக்குள் ஆயிரக்கணக்கான பெண்களின் மாதச் சம்பளமும் இருந்தது.

“சமைக்கிறது கஷ்டமில்ல தம்பி. கணக்குத்தான் கஷ்டம். அரிசி மூட்டை இறங்கினா எடை போட்டுத்தான் வாங்கணும். வருகைப் பதிவேட்டுல இருக்கிற தலையும் தட்டும் ஒண்ணா இருக்கணும்” என்றார் அந்த அம்மா. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி, பெரிய வகுப்புக்கு நூற்றைம்பது என்று அவருக்கு இன்னும் மனப்பாடம். முட்டை 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்து, 2010இல் வாரம் ஐந்து நாளும் என்று ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

அந்த அம்மாவுக்கே அவர் படித்த காலத்துப் பள்ளிச் சாப்பாடு நினைவிருக்கிறது: மக்காச்சோள மாவில் கிண்டிய உப்புமா, கரைத்த பால் பவுடர். 1961 முதல் ‘கேர்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அனுப்பிய மாவும் பாலும் எண்ணெயும் அவை. அப்படியென்றால் 1982க்கு முன்பே பள்ளியில் அடுப்பு எரிந்திருக்கிறது. அங்கிருந்து காமராசருக்குப் போனேன்.

சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் மாடு மேய்க்கும் சிறுவர்களைப் பார்த்து அவர் பேசிய கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. கதையைவிட நடந்த வேலை சுவையானது. 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கியபோது அரசுப் பணம் கிடையாது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பேச, ஊர்க்காரர்கள் தானியமும் பணமும் கொடுத்து நடத்தினார்கள். ஆனால் கொடை எத்தனை நாளைக்கு வரும்? நல்ல விளைச்சல் வந்த ஊரில் பிள்ளை சாப்பிடும். பஞ்சம் வந்த ஊரில், சாப்பாடு அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில், அடுப்பு அணையும். 1957 நவம்பரில் அரசு பங்கு கொடுக்க முன்வந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து காசு என்று கணக்கு. ஆறு காசு அரசு, நாலு காசு ஊர். எந்தத் திட்டமும் நிலைக்க வேண்டுமானால் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பது முக்கியம் என்று எனக்குப் பிடிபட்டது இங்கேதான்.

அந்தக் கண்ணோடு 1920க்குப் போனபோது, நாம் வழக்கமாகச் சொல்லும் கதை கொஞ்சம் மாறியது. நீதிக்கட்சி ஆட்சி தொடங்கிய திட்டம் என்போம். அக்கட்சி சென்னை மாகாணத்தில் ஆட்சிக்கு வந்தது 1920 டிசம்பரில். ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி கொடுக்கும் தீர்மானம் அதற்கு மூன்று மாதம் முன்பே, செப்டம்பர் 16 அன்று, சென்னை மாநகராட்சி மன்றத்தில் நிறைவேறிவிட்டது. மன்றத்தின் தலைவர் நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயர். கட்சி சரி, ஆனால் செய்தது மாகாண அரசு அல்ல, ஓர் உள்ளாட்சி மன்றம்.

தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஏழைகள், அதனால் வருகை குறைகிறது என்பதே தியாகராயர் சொன்ன காரணம். சிற்றுண்டி மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. 1922-23இல் அந்த ஐந்து பள்ளிகளிலும் 811 பேர். 1924-25இல் 1,671 பேர். இரண்டே ஆண்டில் இரு மடங்கு.

பிறகு 1925 ஏப்ரல் 1 அன்று நின்றுபோனது. பிள்ளைகள் வராததால் அல்ல, பலன் இல்லாததாலும் அல்ல. தொடக்கக் கல்விக்கான நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக்கூடாது என்று ஆங்கிலேய அரசு மறுத்துவிட்டது. கல்விப் பணம் கரும்பலகைக்குத்தான், பிள்ளை வயிற்றுக்கு அல்ல என்ற தணிக்கைக்காரப் பார்வை, இரட்டிப்பான வருகைப் பதிவேட்டைத் தோற்கடித்தது.

இந்த வரிசையை இந்தியா முழுவதுக்குமாக வைத்துப் பார்த்தாலும் இதே பாடம்தான். 1995இல் மத்திய அரசு தேசியத் திட்டம் அறிவித்தபோது பல மாநிலங்கள் சமைத்துப் போடவில்லை. மாதம் மூன்று கிலோ தானியம் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டன. கிடங்குகளில் தானியம் நிரம்பி வழிய மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று 2001இல் ராஜஸ்தானிலிருந்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று, அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் தொடக்கப் பள்ளியிலும் ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் உள்ள சமைத்த உணவு தர வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. ஆள்வோர் மனம் வைத்தால் கிடைப்பது என்ற நிலை அன்றோடு மாறியது. தமிழ்நாட்டில் சத்துணவு அதற்கு முன்பே பத்தொன்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. அடுப்பை முதலில் மூட்டியது தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி மன்றம். ஊர்களுக்குக் கொண்டுபோனது காமராசரும் சுந்தரவடிவேலுவும். ஊர்ப் பங்கை நம்பாமல், மாநில வரவுசெலவுத் திட்டத்தில் பெரிய செலவாகவே எழுதி அணையாமல் காத்தது எம்.ஜி.ஆர். எங்கள் சங்கத்தில் வாதாடிய மூன்று பேரும் ஆளுக்கொரு பங்கு சரி. நாலாவது ஆள் சொன்ன வரிப்பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் அந்தப் பையனின் தாயும்தான் வரி கட்டுகிறாள். அவளுடைய பணமும் அந்தச் சோற்றில் இருக்கிறது.

மேடவாக்கம் ஊராட்சி என்பதால் இங்கே கிராம சபை உண்டு; ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுக்ககங்களில் இருந்து அங்கே போகிறவர்கள் மிகக் குறைவு. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பள்ளிச் சமையலறைக்குக் கூரை சரியாக இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, சமையலர் இடம் காலியாகக் கிடக்கிறதா என்று எழுந்து கேளுங்கள். வரி கட்டுகிறவர்கள் கேட்க வேண்டிய கணக்கு அதுதான்.