மண்ணில் மலர்ந்த மாதவன் ஆலயங்கள்

மேற்கு வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில், கொல்கத்தாவிலிருந்து சுமார் 150 கி.மீ. தொலைவில் உள்ளது விஷ்ணுபூர். வங்காளிகள் ‘பிஷ்ணுபூர்’ என்பர். மல்ல மன்னர்களின் தலைநகராக விளங்கிய இவ்வூர், இல்லறக் கடமைகளை நிறைவேற்றிய தம்பதியர் இரண்டு நாள் தங்கி, அவசரமின்றிக் கண்டு மகிழ ஏற்ற தலம்.

இவ்வூர் கண்ணனுக்கு உரியதான வரலாறு சுவையானது. பிருந்தாவனத்திலிருந்து ஸ்ரீநிவாச ஆசாரியர் முதலான அடியார்கள், பக்தி நூல்களின் சுவடிகளைப் பெட்டியில் வைத்து மாட்டுவண்டியில் கொண்டு வந்தனர். பெட்டியில் பொன் இருப்பதாக எண்ணி, மன்னன் வீர ஹம்பீரனின் ஆட்கள் அதனைக் கவர்ந்தனர். சுவடிகளைத் தேடி அரசவைக்கு வந்த ஆசாரியரின் பாகவத விளக்கத்தைக் கேட்ட மன்னன், மனம் உருகி அவருக்குச் சீடனானான் என்பது வைணவ மரபு.

அந்த மனமாற்றமே கோயில்களாக எழுந்தது. கட்டடக்கல் அரிதான இப்பகுதியில், சிற்பிகள் களிமண்ணில் உருவங்களை வடித்துச் சூளையில் சுட்டுச் சுவர்களில் பதித்தனர். 1600-இல் எழுந்த ராஸமஞ்சத்தில், ராஸ விழாவின்போது ஊரிலுள்ள உற்சவ மூர்த்திகள் அனைவரும் எழுந்தருளினர். 1643-இல் ரகுநாத சிங்கன் கட்டிய சியாம்ராய் கோயிலில், கோபியர் சூழக் கண்ணன் ஆடும் ராஸ மண்டலத்தை நின்று நிதானமாகக் காண வேண்டும். 1655-இல் எழுந்த ஜோட்பங்களா, இரு குடிசைகளை இணைத்தாற்போன்ற வடிவினது.

இவற்றுள் பெரும்பாலானவற்றில் இன்று வழிபாடு இல்லை. ஆனால், 1694-இல் துர்ஜன சிங்கன் எழுப்பிய மதனமோகனர் ஆலயத்தில் இன்றும் பூஜை நடைபெறுகிறது. மராட்டியப் படை ஊரைத் தாக்கியபோது, மதனமோகனரே ‘தல்மாதல்’ பீரங்கியை முழக்கிப் பகைவரை விரட்டினார் என்பது ஊரார் நம்பிக்கை. பிற்காலத்தில் கடன் சுமையால் வாடிய மன்னன் சைதன்ய சிங்கன், பழைய திருமேனியைக் கொல்கத்தாவில் அடகு வைத்தான். அது திரும்பவே இல்லை. ஊரைக் காத்தவனை ஊரால் காக்க இயலவில்லை! ஆயினும், வேறொரு திருமேனியை எழுந்தருளச் செய்து, வழிபாட்டை விடாமல் காத்து வருகின்றனர் ஊர் மக்கள்.

வங்காளத்து உணவகங்களில் மீன் சாதாரணம். ‘நிராமிஷ்’ என்று கேட்டால் சைவ உணவு கிடைக்கும். சோம்பும் இஞ்சியும் மணக்கும் உளுத்தம்பருப்பு, சூடான சோறு, கசகசா அரைத்துச் சேர்த்த உருளைக்கிழங்கான ‘ஆலு போஸ்தோ’ ஆகியவை இம்மாவட்டத்தின் அன்றாட உணவு, வயிற்றுக்கும் இதமானவை. மோத்திசூர் லட்டும் இங்கே புகழ்பெற்றது. மாலையில் நெசவாளர் தெருவுக்குச் சென்றால், முந்தானையில் புராணக் காட்சிகளைத் தாங்கிய பாலுசரி பட்டுச் சேலைகள் தறியில் உருவாவதைக் காணலாம்.

ஹவுராவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். கோயில்கள் அருகருகே இருப்பதால், ‘டோட்டோ’ எனப்படும் மின்சார ரிக்ஷாவில் இறங்கி ஏறிப் பார்க்கலாம். கோடை வெப்பம் கடுமையாதலால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.

பொன்னைத் தேடிய மன்னனுக்குக் கண்ணன் கிடைத்த ஊர் இது. மதனமோகனர் சந்நிதியில் மாலை ஆரத்தியைத் தம்பதியராய்த் தரிசித்தால், பயணக் களைப்பு நீங்கி நெஞ்சம் நிறையும்.