மின்னுவதெல்லாம் மணியல்ல

படிக்காத வீட்டில் ஒருவன் கல்லூரிக்குப் போனால், அவன் வாய்ச்சொல்லுக்கு எடை கூடிவிடுகிறது. அந்த எடையை உணராமல் நான் பேசிய ஒரு சொல்லின் கதை இது.

எங்கள் ஊர் காங்கயத்துக்கு அருகில் உள்ள சிற்றூர். அப்பக்கத்து மண்ணில் மணிக்கற்கள் கிடைப்பது புதிதன்று. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கல்மணிகளும், அவற்றைச் செய்த பட்டறைகளின் தடயங்களும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர். பக்கத்துப் படியூரோ அக்வாமரின் கல்லுக்குப் பெயர் பெற்றது. மழை ஓய்ந்ததும் காடுகளில் குனிந்தபடி கல் தேடுவோரை இன்றும் காணலாம்.

நான் நிலவியல் வகுப்பில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தீபாவளி விடுமுறைக்குச் சென்றபோது, ஓடை மணலில் எடுத்த நீலப்பச்சைக் கல் ஒன்றை அப்பா என் கையில் வைத்தார். கொட்டைப்பாக்கு அளவு இருக்கும்.

"இது என்ன கல்லு கண்ணு?"

"அக்வாமரினுங்கப்பா. நல்ல விலை போகும்" என்றேன். நிறத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அப்பாவும் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தச் சொல்லை நம்பி, கிணற்றை ஆழப்படுத்த 15,000 ரூபாய் வட்டிக்கு வாங்கிவிட்டார் என்பது பொங்கலுக்குச் சென்றபோதுதான் தெரிந்தது. நெஞ்சு திக்கென்றது.

கல்லைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். 1812இல் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோலை மனப்பாடமாகச் சொல்வேன். அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. டால்க் 1, குவார்ட்ஸ் 7, வைரம் 10. கடினம் மிகுந்தது குறைந்ததைக் கீறும். அக்வாமரினின் கடினம் 7.5 முதல் 8 வரை. எனவே அது குவார்ட்சைக் கீற வேண்டும். நடந்ததோ நேர்மாறு. குவார்ட்ஸ் முனை என் கல்லைக் கீறிற்று. லென்சில் பார்த்தால் உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழிகள். கண்ணாடி! ஓடை நீரில் உருண்டு மழுங்கிய, ஏதோ ஒரு பழைய சோடாப் புட்டியின் துண்டு.

அப்பா என்னை ஏசவில்லை. கிடேரியை விற்றுக் கடனை அடைத்தார். "தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லீரு கண்ணு. அதுல ஒண்ணும் கொறைஞ்சு போயர மாட்டே" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வீட்டு அப்பாரு தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்ணையில் சிறு சாணைச் சக்கரம் வைத்துப் பொழுதுபோக்காகக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறார். விடுமுறைக்கு நான் வந்தால் ஒரு டப்பா நிறையக் கற்களோடு காத்திருப்பார். இன்ன கல் என்று தெரியாமல் சாணையில் வைப்பது வீண். சந்திரகாந்தக் கல்லுக்குப் பிளவுத் தளங்கள் உண்டு, அழுத்தினால் பெயர்ந்துவிடும். குவார்ட்சுக்கு அந்தக் குறை இல்லை.

இப்போதெல்லாம் நிறத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் உடைந்த முகத்தையும் பிளவையும் பார்ப்பேன். பிறகு கண்ணில் படாத ஓர் ஓரத்தில் கீறிப் பார்ப்பேன். அதன் பிறகு எடை. ஒருமுறை அப்பாரு தந்த மங்கலான சாம்பல் நிறக் கல் காற்றில் 60 கிராம் இருந்தது. நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தால் 45 கிராம். குறைந்தது 15, 60ஐ 15ஆல் வகுத்தால் ஒப்படர்த்தி 4. குவார்ட்சுக்கு 2.65தான். அந்தக் கல் குவார்ட்சையும் எளிதாகக் கீறிற்று. அது குருந்தம். 'கொரண்டம்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான் என்றபோது அப்பாருவுக்குத் தாங்காத மகிழ்ச்சி.

ஆனாலும் எல்லாக் கற்களும் இப்படிப் பெயர் சொல்லிவிடுவதில்லை. அவற்றுக்கென்று ஒரு தனி டப்பா வைத்திருக்கிறேன். 'தெரியவில்லை' என்று அதன் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நாம் சொல்வதை வீட்டில் சோதித்துப் பார்க்க ஆளில்லை. ஆகவே சொல்லுமுன் நாமேதான் சோதித்தாக வேண்டும்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (நிலவியல்) மாணவன்