ஒரே ஒரு தடவைதான் சார்!

அணுபுரத்துக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் 'வாய்ப்பு எவ்வளவு?' என்போம். கல்பாக்கத்து அணு உலைக்கும் ஆராய்ச்சி மையத்துக்கும் தினமும் பஸ்ஸில் போய் வருகிற ஜனம். கத்தரிக்காய் வாங்கினால்கூட பூச்சி இருக்க எத்தனை சதவிகிதம் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் பையில் போடுவோம்.

அதனால், ஒருநாள் காலை ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்து சீட் இளைஞன் (ராமு என்று வைத்துக்கொள்வோம்) காதருகே வந்து, "சார், ஒரு ப்ராபபிலிடி கேக்கணும்" என்றபோது நான் ஆச்சரியப்படவில்லை.

"கேளுப்பா."

"நேத்து ராத்திரி... காண்டம் இல்லாம... ஒரே ஒரு தடவைதான் சார்!"

கல்யாணமாகி நாலு மாசம். மனைவிக்கு பி.எட். கடைசிப் பரீட்சை வருகிறது. அதுவரை குழந்தை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. முந்தின இரவு அந்த முடிவு கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டது.

"நானே கணக்குப் போட்டுட்டேன் சார். தலைக்குக் குளிச்சதிலேர்ந்து... இல்ல, பீரியட்ஸ் ஆரம்பிச்சதிலேர்ந்து பன்னிரண்டாவது நாள். பதினாலுதானே டேஞ்சர்? இன்னும் ரெண்டு நாள் இருக்கே!"

இந்தப் பதினாலு நம் பையன்களை எப்படிப் பிடித்துக்கொண்டது என்று தெரியவில்லை. முட்டை வெளிவருவதைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். அதாவது, அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் 14 நாள் முன்னால். இருபத்தெட்டு நாள் சுற்று உள்ளவளுக்கு எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஒன்றுதான். முப்பத்தைந்து நாள் சுற்று என்றால் அது இருபத்தோராம் நாள் ஆகிவிடும். போதாததற்குச் சுற்றே மாசத்துக்கு மாசம் மாறும். பன்னிரண்டு மணிக்கு டாண் என்று வந்து நிற்க அது என்ன திருக்கழுக்குன்றத்துக் கழுகா? (அந்தக் கழுகுகளே இப்போது வருவதில்லை.)

சரி, நாளே தெரியாமல் ஏதோ ஒரு நாள், ஒரே ஒரு தடவை என்றால்? 100 ஜோடியில் சுமார் 3. இதைச் சொன்னதும் ராமு சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். அவனை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மீதியையும் சொல்ல வேண்டுமே.

அமெரிக்காவில் வட கரோலினாவில் குழந்தை வேண்டும் என்று காத்திருந்த 221 பெண்களை வைத்து வில்காக்ஸ் என்பவரின் குழு ஓர் ஆராய்ச்சி செய்து 1995ல் வெளியிட்டது. கருத்தரித்ததெல்லாம் ஆறே நாளுக்குள்தான்: முட்டை வெளிவரும் நாள், அதற்கு முந்தைய ஐந்து நாள். ஐந்து நாள் முன்னால் என்றால் 100க்கு 10, அன்றைக்கே என்றால் 33. மறுநாள் ஒன்றுமில்லை. காரணம், முட்டைக்கு ஆயுள் ஒருநாள்தான். விந்தணுவோ ஐந்து நாள்வரை தாக்குப்பிடிக்கும். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பே வந்து திண்ணையில் படுத்துக்கொள்ளும் ஒன்றுவிட்ட மாமா மாதிரி!

ஆகவே, 'இன்னும் ரெண்டு நாள் இருக்கே' என்பது தப்பித்த நாள் இல்லை. மாட்டிக்கொள்ள நல்ல நாள்.

ராமு பழையபடி நிமிர்ந்தான். "அப்ப மூணா சார், முப்பதா?"

இங்கே எங்கள் ஊர்ப் பாடம் உதவியது. ஒரு கதிரியக்க அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடி அணு இருந்தால், பாதி தீர எத்தனை நாள் ஆகும் என்று சுலபமாகச் சொல்லலாம். 100க்கு 3 என்பதும் கூட்டத்துக்கான கணக்கு. ஒரு பெண்ணுக்கு 3 சதவிகிதக் கர்ப்பம் கிடையாது. உண்டு, அல்லது இல்லை.

"அவங்களுக்கு எத்தனை நாள் சுற்றுப்பா?"

"தெரியலையே சார்."

"கேக்கலையா?"

"பரீட்சை டென்ஷன்ல இருக்கா. பயமுறுத்த வேணாம்னு..."

யாருடைய வயிறோ அவளை விட்டுவிட்டு நாங்கள் இரண்டு ஆண்கள் பஸ்ஸில் சதவிகிதம் போட்டுக்கொண்டிருந்தோம்! இறங்கியதும் போன் செய்யச் சொன்னேன். அவளுக்குப் பயமெல்லாம் இல்லை, காலையிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாளாம். சுற்று பெரும்பாலும் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. சில மாசம் இருபத்தெட்டு. முதல் கணக்குப்படி பிழைத்தார்கள், இரண்டாவதுபடி இல்லை. 'மாத்திரை போட்டுக்கறேன், வாங்கிட்டு வாங்க' என்று முடிவையும் அவளே சொல்லிவிட்டாள்.

லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்று வாயில் நுழையாத பெயர். 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இது கருவைக் கலைக்கிற மாத்திரை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். முட்டை ஏற்கெனவே வந்துவிட்டால் பெரிதாகப் பயனில்லை. கரு தங்கிவிட்டால் அதை ஒன்றும் செய்யாது. இதைவிட நம்பகமானது ஐந்து நாளுக்குள் டாக்டரிடம் போய்க் காப்பர்-டி வைத்துக்கொள்வது.

டாக்டர் சீட்டு இல்லாமலே இந்த மாத்திரையை விற்கலாம் என்று 2005லேயே மத்திய அரசு அனுமதித்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டுப் பாருங்கள்! தடை எதுவும் கிடையாது, கடையில் சரக்கும் கிடையாது. ராமு மூன்று கடை ஏறினான். முதல் கடையில் 'இல்லை'. இரண்டாவதில் ஏற இறங்க ஒரு பார்வை, பிறகு 'இல்லை'. மூன்றாவதில் 'அதெல்லாம் நாங்க வைக்கிறதில்ல தம்பி' என்று ஒரு நீதிபோதனை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, மறுநாள் இருவரும் செங்கல்பட்டில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்து வாங்கினார்கள்.

அந்த மாசம் பீரியட்ஸ் நாலு நாள் தள்ளிப்போனது. மாத்திரை அப்படிச் செய்வதுண்டு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தும் பையன் பாதியாக இளைத்தான். தினமும் காலையில் கிட் வாங்கட்டுமா என்பான். அவசரப்பட்டால் கோடு பொய் சொல்லும். நாள் தள்ளிய பிறகோ, அந்த ராத்திரியிலிருந்து மூன்று வாரம் கழித்தோ பார்த்தால்தான் நம்பலாம். கடைசியில் கிட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவள் பரீட்சை எழுதினாள்.

'ஒரு தடவை'க்காரர்களுக்கு இன்னொரு கணக்கு: ஒரு தடுப்பும் இல்லாமல் இருக்கிற 100 ஜோடியில் ஒரு வருஷத்துக்குள் சுமார் 85 பேர் கருத்தரிப்பார்கள். 'கடைசி நிமிஷத்தில் விலகிக்குவேன் சார்' என்கிற வீரர்களில் சுமார் 20.

ஒருவேளை கரு தங்கியிருந்தால்? 1971ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருத்தடை பலிக்காமல் உண்டான கர்ப்பத்தை 20 வாரம்வரை ஒரு டாக்டரின் ஒப்புதலோடு கலைக்கலாம். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இது பொருந்தும். பதினெட்டு வயதானவள் என்றால் அவள் சம்மதம் போதும், கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிகளில் இன்னமும் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.