எட்டு நொடிகள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், பாக் நீரிணைக் கரையில் அமைந்தது கோட்டைப்பட்டினம். கடலோர ஊர்களில் இரும்பு விரைவில் துருவேறும். ஆதலின், நம் இல்லத்துக் கணினியின் விசைப்பலகை ஒரு மாலை திடீரென ஊமையானபோது, 'உப்புக் காற்று தின்றுவிட்டது' என்றே முடிவு கட்டினோம்.

அப்போது அதில் எழுதிக்கொண்டிருந்தவர் நம் அத்தா. எண்பதை எட்டிய வயது, கைகளில் நடுக்கம். பேரப்பிள்ளைகளுக்காகக் குடும்ப வரலாற்றை எழுதி வந்தார். 1999ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் 31 விசைகளே 247 எழுத்துகளையும் தந்துவிடும். அதனைப் பொறுமையாய்க் கற்றிருந்தார்.

"என்ன செய்தீர்கள் அத்தா?" என்றோம். குரலில் கடுமை இருந்தது.

"ஏதோ கேட்டது, தம்பி. சரியென்று தட்டினேன்" என்றவர், எழுந்து திண்ணைக்குச் சென்றார். மறுநாளும் கணினியின் பக்கம் வரவில்லை.

நாம் இணைப்புக் கம்பியைக் கழற்றி வேறு துளையில் செருகினோம். பலகையைக் கவிழ்த்துத் தூசி தட்டினோம். கணினியை அணைத்து மீண்டும் இயக்கினோம். பயனில்லை. பக்கத்து வீட்டுக் கணினியில் பொருத்தியபோதோ, அதே பலகை குறையின்றி எழுதியது! பழுது பலகையில் இல்லை. நம் கணினியின் அமைப்பில்தான் என்பது அப்போதே விளங்கிற்று.

விண்டோஸ் கணினியில் வலப்புற ஷிஃப்ட் விசையை எட்டு நொடிகள் விடாது அழுத்தினால், 'ஃபில்டர் கீஸ்' என்னும் வசதியை இயக்கவா என்று கணினி கேட்கும். ஆமென்றால், கணநேரத் தொடுகைகளை அது பொருட்படுத்தாது. சற்று நின்று அழுத்தும் விசையையே ஏற்கும். அத்தாவின் கை அவ்விசைமீது தங்கியிருக்கிறது. மீண்டும் எட்டு நொடிகள் அழுத்தினோம், பலகை பேசிற்று.

அவ்வசதி யாருக்கென்று அறிந்தபோது நாணினோம். கை நடுங்குவோர் தவறுதலாய்த் தொடும் விசைகளைத் தள்ளிவிடவே அதனை அமைத்துள்ளனர். அத்தாவின் விரலுக்குக் காத்திருந்த கருவி, நம் அவசர விரல்களையே புறக்கணித்தது. அதற்கிருந்த பொறுமை, பெற்ற மக்களாகிய நமக்கு இல்லாது போயிற்றே!

அஸர் தொழுது திரும்பிய அத்தாவிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் புன்னகைத்து, "எதுவரை எழுதியிருந்தேன்?" என்றார். அவ்வசதியை அவருக்காக மீண்டும் இயக்கினோம். ஒவ்வொரு விசையாக, நின்று நின்று அழுத்தலானார். இம்முறை ஓர் எழுத்தும் பிறழவில்லை.